கண்மாய்க்குள் நகர்ந்த பட்டா நிலம்: பழைய கிராம வரைபடத்தை இணைய வரைபடத்தின் மேல் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்தின் பாசன விவசாயிகள் சங்கம், தங்கள் கண்மாயின் பழைய எல்லையையும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் பழைய தடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்க விரும்பியது. ஊரார் யாராயினும் தம் கைப்பேசியில் திறந்து, விரலால் நகர்த்தி, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு இணையப் பக்கம் வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. இந்தப் பணியில் மூவர் ஈடுபட்டோம். ஒருவர் ஓய்வுபெற்ற நில அளவர். இன்னொருவர் கணினி அறிவியல் படித்து முடித்த அவ்வூர் இளைஞர். மூன்றாமவன் பக்கத்தை வடிவமைத்த நான். இதில் நேர்ந்த முதன்மையான பிழைக்கு நானும் பொறுப்பு என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன்.

எங்கள் கையில் இருந்தது மைலுக்குப் பதினாறு அங்குலம், அதாவது 1:3960 என்ற அளவையில் வரையப்பட்ட கிராம வரைபடத்தின் ஒரு தாள். துணி ஒட்டி, நான்காக மடித்து, பல ஆண்டுகள் ஓர் இரும்புப் பெட்டியில் கிடந்தது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 4 கிலோமீட்டரும் வடக்கு தெற்காக 3 கிலோமீட்டரும் உள்ள கிராமம் அந்த அளவையில் ஒரு மீட்டர் அகலத்தை எட்டிவிடுவதால், சாதாரண ஸ்கேனரில் அதை வைக்க முடியாது. மதுரையில் கட்டட வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் கடையொன்றில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற செறிவில் ஸ்கேன் செய்தோம். கிடைத்த படம் ஏறத்தாழ 12,000 பிக்சல் அகலமும் 9,000 பிக்சல் உயரமும் கொண்டது.

இந்தத் தாளைப் பற்றி ஒரு கணக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லையைக் குறிக்கும் மைக்கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால், தரையில் அந்தக் கோட்டின் அகலம் மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர். இதை நில அளவர் முதல் நாளிலேயே சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். அதன் பொருள் எங்களுக்குப் பல வாரங்களுக்குப் பிறகே உறைத்தது.

ஒற்றைப் படமாக விரித்த முதல் முயற்சி

இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் நிரலகத்தில் ஒரு படத்தின் தென்மேற்கு, வடகிழக்கு மூலைகளின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்தால் அதை அப்படியே வரைபடத்தின் மேல் விரித்துவிடலாம். எளிய வழி என்பதால் முதலில் அதையே செய்தோம். இரண்டு காரணங்களால் அது கைகூடவில்லை. தாளில் வரைந்தவர் கிராமத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காக வடக்கைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்தார். இரு மூலைகளை மட்டும் கொண்டு விரிக்கும் முறையில் படத்தைச் சுழற்ற இயலாது. மேலும், பத்துக் கோடிக்கு மேற்பட்ட பிக்சல்கள் கொண்ட ஒரே படத்தை உலாவி விரித்து நினைவகத்தில் வைக்க 300 மெகாபைட்டுக்கு மேல் தேவைப்பட்டது. ஊரில் பெரும்பாலோர் வைத்திருக்கும் கைப்பேசிகளில் பக்கம் வெள்ளையாக நின்றுவிட்டது.

ஆகவே படத்தை முதலில் பூமியின் மேல் முறையாகப் பொருத்தி, பிறகு டைல்கள் எனப்படும் சிறு சதுரப் படங்களாக வெட்டி வைப்பது என்று முடிவெடுத்தோம். இணைய வரைபடங்கள் உலகத்தை 256 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஜூம் நிலை 0-இல் உலகம் முழுதும் ஒரே சதுரம். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஒரு சதுரம் நான்காகிறது. பார்ப்பவரின் திரைக்கு எந்தச் சதுரங்கள் தேவையோ அவற்றை மட்டும் உலாவி கேட்டு வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பெரிய தாளாக இருந்தாலும் கைப்பேசிக்கு ஒரு நேரத்தில் இருபது, முப்பது சிறு படங்களே போய்ச் சேரும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தாளைப் பொருத்தும் பணியை இளைஞர் செய்தார். தாளில் ஒரு புள்ளி, செயற்கைக்கோள் படத்தில் அதே புள்ளி என ஒன்பது இணைகளைக் குறித்தார். பிறகு வரைபடக் கோப்புகளை மாற்றவும் வெட்டவும் உதவும் ஜிடால் கருவித்தொகுப்பைக் கொண்டு படத்தை இணைய வரைபடங்களின் வீச்சுமுறைக்கு, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு, மாற்றி, டைல்களாக வெட்டினார்.

டைல்கள் காணாமல் போன இரண்டு நாள்

கோப்புறையில் டைல்கள் இருந்தன, பக்கத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் முகவரியையும் அனுமதிகளையும் சோதித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பிழை, சதுரங்களை எண்ணும் திசையில் இருந்தது. கூகுள் வரைபடமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் வரிசைகளை வடக்கிலிருந்து தெற்காக எண்ணுகின்றன. எங்கள் வெட்டும் கருவியோ, வேறு கட்டளை தராவிட்டால், டிஎம்எஸ் என்ற முறைப்படி தெற்கிலிருந்து வடக்காக எண்ணும். ஜூம் நிலை 14-இல் எங்கள் கிராமத்தின் சதுரம் வடக்கிலிருந்து எண்ணினால் 7739-ஆம் வரிசை. தெற்கிலிருந்து எண்ணினால் 8644. பக்கம் முதலாவதைக் கேட்டுக்கொண்டிருக்க, கோப்புறையில் இரண்டாவது இருந்தது.

சந்தேகம் தீர்க்க வரைபடத்தைத் தெற்கே இழுத்துப் பார்த்தோம். பூமத்திய ரேகைக்கு அப்பால், டீகோ கார்சியாவுக்குத் தென்கிழக்கே, நடுக்கடலில் எங்கள் கண்மாய் பட்டை பட்டையாகத் தலைமாறிக் கிடந்தது. லீஃப்லெட்டில் அந்த அடுக்கு டிஎம்எஸ் முறையிலானது என்று ஒரு சொல் சேர்த்தாலே போதும். அதைவிட, வெட்டும்போதே வடக்கிலிருந்து எண்ணும்படி கட்டளையிடுவது நல்லது. ஜிடால் 3.1 பதிப்பிலிருந்து அதற்கான வாய்ப்பு இருக்கிறது. நாங்கள் இரண்டாவது வழியையே எடுத்தோம். பின்னால் வேறு யாரேனும் இந்த டைல்களை வேறொரு பக்கத்தில் பயன்படுத்தினால் இதே இரண்டு நாளை அவர்களும் இழக்கக் கூடாது.

தாளின் மஞ்சளும் ஜூம் நிலை 22-உம்

அடுத்த சிக்கல் தாளின் நிறம். பழுப்பேறிய தாள், கீழே உள்ள செயற்கைக்கோள் படத்தை முழுதாக மூடியது. வெளிர்ந்த நிறத்தையெல்லாம் ஒளிபுகும்படி மாற்றி, கோடுகளை மட்டும் நிறுத்தலாம் என்று இளைஞர் முயன்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மடிப்புகளின் அருகே மங்கியிருந்த வாய்க்கால் கோடுகளும், கண்மாய்க்குப் பூசியிருந்த நீல வண்ணமும், யாரோ பென்சிலால் எழுதியிருந்த உட்பிரிவு எண்களும் தாளின் நிறத்தோடு சேர்ந்து மறைந்துவிட்டன. எந்தக் கோடு இருக்க வேண்டும், எது போகலாம் என்று ஒரு எண் தீர்மானிப்பதை நில அளவர் ஏற்கவில்லை. அவர் பக்கமே நியாயம் என்று எனக்கும் பட்டது. ஆகவே கிராம எல்லைக்கு வெளியே உள்ள ஓரங்களை மட்டும் வெட்டி நீக்கி, தாளைத் தாளாகவே வைத்து, அதன் அடர்த்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஸ்லைடரைப் பக்கத்தில் சேர்த்தோம். ஓரம் வெட்டியதும் மூலைகள் கறுப்பாக நிற்காமல் இருக்க ஒளிபுகு பட்டையும், அதாவது எந்தப் பிக்சல் எவ்வளவு ஒளிபுகும் என்று சொல்லும் தகவலும், தேவை. அதற்கு இடமில்லாத ஜேபெக்கை விட்டு பிஎன்ஜி வடிவத்தைத் தேர்ந்தோம்.

கோடுகள் எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் முதல் வெட்டை ஜூம் நிலை 13-இலிருந்து 22 வரை செய்திருந்தோம். நிலை 18-இல் சில நூறாக இருந்த டைல்கள், நிலைக்கு நான்கு மடங்காகப் பெருகி, மொத்தம் 1,75,000-ஐத் தாண்டின. நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த இணைய இடத்தில் கொள்ளளவு தாராளமாக இருந்தும் கோப்புகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு இருந்ததால், பதிவேற்றம் இரவெல்லாம் ஓடி நடுவழியில் நின்றது. சில நிலைகளில் தாள் தெரியும், சில நிலைகளில் தெரியாது என்ற அரைகுறை நிலையில் பக்கம் இருந்தது.

அந்த நிலையிலேயே இணைப்பைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டோம். எல்லோரும் பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தோம். நேர்ந்த தவறுகளில் பெரியது இதுதான்.

கிழக்கு மடையருகே தெரிந்தது

பகிர்ந்த மறுநாள், கிழக்கு மடையை ஒட்டி வயல் வைத்திருக்கும் ஒருவரின் பட்டா நிலத்தில் பாதி, கண்மாயின் எல்லைக்குள் விழுவதாகக் காட்டும் திரைப்பிடிப்பு ஒன்று குழுவில் சுற்றத் தொடங்கியது. யாரோ அதில் சிவப்பு வட்டமும் போட்டிருந்தார். தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நடப்பில் உள்ள நிலையில், ஒருவரின் வயலைக் கண்மாய்க்குள் காட்டுவது விளையாட்டுக் காரியம் அன்று. அன்று மாலையே அவர் பட்டாவையும் புலப்படத்தின் நகலையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு நில அளவரின் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்த தாள்களைத் திண்ணையில் ஒவ்வொன்றாக விரித்து வைத்துவிட்டு, “ஐயா, எங்க அப்பா காலத்துல நட்ட கல்லு இன்னும் அங்கதான் நிக்குது. நீங்களே வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை நால்வரும் அங்கே போனோம். கல் இருந்தது. கைப்பேசியில் அந்த இடத்தைப் பார்த்தால், எங்கள் மேலடுக்கில் கண்மாயின் எல்லை கல்லைத் தாண்டி வயலுக்குள் ஏறத்தாழ 25 மீட்டர் வந்திருந்தது. தாளின் பிழையா, எங்கள் பிழையா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, நில அளவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு இளைஞரிடம், “தம்பி, தாள்ல இந்தப் புல எல்லை ஸ்கேல் வச்சு இழுத்த நேர்கோடு. இங்க ஏன் வளையுது?” என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பிழையின் காரணம்

வீடு திரும்பி, பொருத்தியபோது குறித்த ஒன்பது புள்ளிகளையும் வரிசையாகப் பார்த்தோம். நான்கு புள்ளிகள் சாலை வளைவுகள். இரண்டு புள்ளிகள் கண்மாய்க் கரையின் திருப்பங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரிபவை என்பதால் இளைஞர் அவற்றைத் தேர்ந்திருந்தார். ஆனால் தாள் வரைந்த காலத்து வண்டிப்பாதை வேறு, இன்றைய தார்ச்சாலை வேறு. கரையின் மேல் சாலை போட்டபோது கிழக்கு மடையருகே இருந்த வளைவை நேராக்க, வெளிப்புறமாக மண் கொட்டி அகலப்படுத்தியிருக்கிறார்கள். பழைய திருப்பத்தைப் புதிய திருப்பத்தோடு இணைத்ததால் தாளில் உள்ள கண்மாய் எல்லையும் வெளிப்புறமாக இழுக்கப்பட்டது.

இழுத்தாலும் அது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் நாங்கள் தேர்ந்த உருமாற்ற முறை. மெல்லிய தகட்டை வளைப்பது போன்ற அந்த முறை, கொடுத்த எல்லாப் புள்ளிகளையும் அச்சாகத் தொட்டுச் செல்லும்படி படத்தை அங்கங்கே வளைத்துவிடும். ஆகவே மென்பொருள் காட்டும் எஞ்சிய பிழை, அதாவது கொடுத்த புள்ளிகளிலிருந்து படம் விலகி நிற்கும் அளவு, எப்போதும் சுழியத்தை ஒட்டியே இருக்கும். எங்களுக்கும் சுழியமே காட்டியது. துல்லியமாகப் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்தோம். உண்மையில் அந்தச் சுழியம், நாங்கள் சொன்னபடி மென்பொருள் கேட்டது என்பதற்கு மட்டுமே சான்று. தவறான புள்ளியைக் கொடுத்தாலும் அதே சுழியம் வரும்.

மறுபொருத்தம்

முதலில் பக்கத்தை இறக்கினோம். குழுவில் படம் தவறானது என்று எழுதி, அந்த விவசாயியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். பிறகு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நில அளவரிடம் போனது. அவர் வைத்த விதி ஒன்றுதான்: மண்ணால் ஆனது எதுவும் வேண்டாம், கல்லால் ஆனது மட்டும் போதும். கண்மாயில் மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் கலுங்குச் சுவரின் இரு முனைகள், மடையின் கல்தூண்கள், தாளில் குறித்திருந்த கல்கட்டுக் கிணறுகளில் இன்னும் தூராமல் இருந்தவை, மூன்று கிராமங்களின் எல்லை கூடும் இடத்தில் நட்டிருந்த கல் எனப் பதினொரு புள்ளிகளைத் தேடிப் பிடித்தோம். ஊர் அய்யனார் கோயிலும் தாளில் இருந்தது. ஆனால் திருப்பணியில் வாசலை மாற்றிக் கட்டியதாகப் பெரியவர்கள் சொன்னதால் அதை விட்டுவிட்டோம். முக்கூட்டுக் கல்லைக் கண்டுபிடிக்கவே ஒரு முழு முற்பகல் ஆனது. கருவேல முள்ளை வெட்டி விலக்கிய பிறகுதான், தலை மட்டும் வெளியே தெரிய, பாதி புதைந்து கிடந்தது கண்ணில் பட்டது. ஒவ்வொரு இடத்திலும் கைப்பேசியைக் கல்லின் மேல் பத்து நிமிடம் வைத்து, கிடைத்த ஆயத்தொலைவுகளின் சராசரியை எடுத்தோம்.

உருமாற்ற முறையையும் மாற்றினோம். நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனி விகிதம், சுழற்சி, சாய்வு ஆகியவற்றை மட்டும் அனுமதிக்கும் முதல்படி முறை நேர்கோட்டை ஒருபோதும் வளைக்காது. தாள் நெடுக்கில் ஒரு விதமாகவும் குறுக்கில் வேறு விதமாகவும் சுருங்கியிருந்ததை அது சமாளித்துக்கொள்ளும். மடிப்போரச் சிறு கோணல்களைச் சமாளிக்காது. அதை ஏற்றுக்கொண்டோம். பதினொன்றில் ஏழு புள்ளிகளைக் கொண்டு பொருத்தி, நான்கைத் தனியே ஒதுக்கி, பொருத்தி முடித்த பிறகு அவற்றில் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தோம். அதிகபட்ச விலகல் 6 மீட்டர். கைப்பேசியின் ஜிபிஎஸ் பிழையும் செயற்கைக்கோள் படத்தின் பிழையும் இதில் அடக்கம். ஆகவே இந்த மேலடுக்கில் 10 மீட்டருக்குக் குறைவான எந்த வேறுபாட்டைப் பற்றியும் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அந்த முடிவோடு ஜூம் நிலையும் தானே தீர்ந்தது. மதுரையின் அட்சரேகையில் நிலை 18-இல் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 0.59 மீட்டர். 2 மீட்டர் அகலக் கோட்டையும் 6 மீட்டர் விலகலையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் நெருங்க விடுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும். நிலை 14 முதல் 18 வரை மட்டும் வெட்டி, பக்கத்தையும் 18-க்கு மேல் ஏறாதபடி பூட்டினோம். டைல்கள் எண்ணூறுக்குள் அடங்கின. பதிவேற்றம் சில நிமிடங்களில் முடிந்தது. பக்கத்தின் கீழே, இது பார்வைக்கு மட்டுமே என்றும், எல்லையை முடிவு செய்வது 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி நடக்கும் அளவீடே என்றும் எழுதினோம்.

நான்கு ஏக்கர் கூடுதல்

புதிய அடுக்கில் இளைஞர் கண்மாயின் பழைய எல்லையைத் திரையில் வரைந்து பரப்பைக் கணக்கிட்டார். 43.1 ஹெக்டேர் வந்தது. புல எண் வாரியாகப் பரப்பைக் குறிக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் இருந்தது 41.5 ஹெக்டேர். ஏறத்தாழ நான்கு ஏக்கர் வேறுபாடு. பதிவேட்டில் நான்கு ஏக்கரை மறைத்துவிட்டார்கள் என்று சங்கச் செயலாளர் மனு எழுதவே தொடங்கிவிட்டார். முந்தைய அனுபவத்தால் இம்முறை ஒரு நாள் பொறுக்கச் சொன்னோம்.

காரணம் வீச்சுமுறையில் இருந்தது. இணைய வரைபடங்களின் மெர்க்கேட்டர் வீச்சு, பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிவது அதனால்தான். பூமத்திய ரேகைக்கு அருகிலிருக்கும் நமக்கு அது பொருந்தாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மதுரையின் அட்சரேகையிலேயே நீளங்கள் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை நீளும். பரப்பில் அது நான்கு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான உயர்வு. இளைஞர் பயன்படுத்திய சூத்திரம் அந்த விரிந்த தளத்தின் பரப்பையே தந்திருந்தது. அதே எல்லையை, இப்பகுதியில் பரப்பை ஏறத்தாழ உள்ளபடியே காட்டும் யூடிஎம் 44 வடக்கு மண்டலம் என்ற வீச்சுக்கு மாற்றி அளந்ததும் 41.6 வந்தது. மனு கிழிக்கப்பட்டது.

பின்விளைவுகள்

கிழக்கு மடையருகே உள்ள வயல் புதிய அடுக்கில் எல்லைக்கு வெளியே இருந்தது, ஆனால் எங்கள் 10 மீட்டர் வரம்புக்குள். ஆகவே அதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்றே சங்கக் கூட்டத்தில் கூறினோம். இந்தப் பதில் அந்த விவசாயிக்கு நிறைவு தரவில்லை. வெளியே இருக்கிறது என்று திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. எங்களால் உள்ளே என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்திருந்தது அல்லவா?

மேற்கே வரத்துக்காலின் கதை வேறு. அங்கே பழைய தடத்துக்கும் இன்றைய வாய்க்காலுக்கும் இடையே 35 மீட்டருக்கு மேல் விலகல். ஓரிடத்தில் பழைய தடம் முழுவதும் மேடாகியிருந்தது. வரம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் அளந்து தருமாறு சங்கம் மனு கொடுத்தது. மனுவில் எங்கள் படத்தை இணைக்காமல், புல எண்களை மட்டும் குறிப்பிட்டார்கள். அளவீடு நடந்தது, கற்கள் நடப்பட்டன. அளவீட்டில் வந்த தடம் எங்கள் அடுக்கிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்தது. தூர்ந்த பகுதியில் ஒரு பாதி மழைக்கு முன் வெட்டப்பட்டது. மறுபாதி இன்னும் அப்படியே கிடக்கிறது.

மீண்டும் செய்வதானால்

புள்ளிகளைத் தேடிக் களத்துக்குப் போவதை முதலில் செய்வோம், மென்பொருளைப் பிறகு திறப்போம். சோதனைப் புள்ளிகளை ஒதுக்காமல் எந்த அடுக்கையும் மூவரைத் தாண்டி வெளியே விடமாட்டோம்.

டைல்களை மாற்றியபோது இன்னொரு கோளாறும் தெரிந்தது. பழைய டைல்கள் பலரின் கைப்பேசிகளில் சேமிப்பில் தங்கியிருந்ததால், சில நாள் பாதித் திரையில் பழைய கண்மாயும் பாதித் திரையில் புதிய கண்மாயும் தெரிந்தன. கரை நடுவில் முறிந்தாற்போல இருந்தது. கோப்புறையின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்ததும் அது சரியாயிற்று. முகவரி மாறினால் உலாவி புதிதாகத்தான் கேட்டு வாங்கும்.

திரைப்பிடிப்புக்கு இந்த மருந்து செல்லாது. சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படம், ஊரில் வரப்புத் தகராறு எழும்போதெல்லாம் குழுவில் மறுபடி வருகிறது. அது எந்தப் பதிப்பு என்று சொல்ல அதில் ஓர் எழுத்தும் இல்லை. அடுத்த கிராமத்தின் தாளை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறோம். இம்முறை ஒவ்வொரு டைலின் மூலையிலும் பதிப்பு எண்ணும் “±10 மீ” என்ற குறியும் படத்தோடு படமாக அச்சாகின்றன.